கோடும் பெட்டியில் சேர்ந்தது

போன வாரம் அனுப்பர்பாளையம் போகும் வழியில் என் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்தவர் பிளக்கைக் கழற்றித் துடைக்க, மூலையில் கிடந்த மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வேஸ்ட் துணியை உருவினார். திருப்பூரில் இந்த மூட்டை இல்லாத ஒர்க்‌ஷாப் கிடையாது. பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டு துணுக்கெல்லாம் கடைசியில் எண்ணெய் துடைக்கத்தான் போகும். அவர் உருவியதில் வெள்ளை ரிப் துணி ஒன்று, இரண்டு விரல் அகலத்தில், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குப் பெனால்டி ஏரியா ஞாபகம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். வெள்ளை ரிப் துணியைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பனியன் கழுத்து ஞாபகம் வரும். எனக்குக் கால்பந்து மைதானத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெரிய செவ்வகம்தான் வரும். என் வாழ்க்கையில் நான் நின்று விளையாடிய ஒரே பெனால்டி ஏரியா சுண்ணாம்புக் கோட்டால் ஆனதல்ல, ரிப் வேஸ்ட்டால் ஆனது. துணியைக் கிழித்து, முடிச்சுப் போட்டு நீட்டி, பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்துத் தரையில் குத்தி இறுக்கியிருப்போம். மழை பெய்தால் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தால் நடுவில் உப்பும். ஓடும்போது அது காலில் மாட்டி நான் குப்புற விழுந்ததும் உண்டு. கோடே ஆளை இடறிவிட்டால் அதற்குத் தண்டனை எந்த விதியிலும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பட்டன் போன் காலம் அது. ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். தைத்து வரும் பனியனை மேஜைமேல் விரித்து, நூல் பிசிறு, ஓட்டை, கறை பார்த்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே வேலை. தங்குவது கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில். ஹாஸ்டல் என்றால் கம்பெனிக்குப் பின்பக்கம், அதே காம்பவுண்டுக்குள். ஆக, வேலை முடிந்து ஊட்டுக்குப் போகிறோம் என்று உள்ளூர்ப் பெண்கள் பையை எடுக்கும்போது, நாங்கள் ஒரு கதவைத் தாண்டி இன்னொரு கதவுக்குள் போவோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூட வர, கடைக்குப் போய்வரலாம். மற்ற நாட்களில் பெரிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்படியிருந்த எங்களுக்குக் கால்பந்து வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கம்பெனிக்கு அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து கால்பந்து பனியன் ஆர்டர் வந்திருந்தது. ஆர்டர் கொடுத்த பையர் அம்மா நேரில் பார்வையிட வருவதாகச் செய்தி. எங்கள் ஹெச்.ஆர். சாருக்கு ஒரு யோசனை உதித்தது. கால்பந்து பனியன் தைக்கிற பெண்களே அதைப் போட்டுக்கொண்டு கால்பந்து விளையாடினால் போட்டோவுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! யோசனை உதித்த வேகத்தில் அவர் கோயம்புத்தூர் போய் ஷூக்களை வாங்கிவந்துவிட்டார். ஆட்களை அதற்குப் பிறகுதான் தேடினார். ஒரு மதிய இடைவேளையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராக ஷூவுக்குள் காலை விட்டுப் பார்த்தார்கள். யார் கால் சேர்ந்ததோ அவர்கள் டீம். எனக்குச் சேர்ந்தது. அதுவரை நான் பந்து என்று தொட்டது ரப்பர் பந்தைத்தான், அதுவும் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது.

ஞாயிறு காலையில் பயிற்சி. கம்பெனிக்கு அந்தப்பக்கம் நொய்யல் கரையை ஒட்டி ஒரு காலி நிலம் இருந்தது, முதலாளிக்குத் தெரிந்தவருடையது. உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் பந்துக்காகப் போகவில்லை. கேட்டைத் தாண்டலாம் என்பதற்காகப் போனோம். கேட்டைத் தாண்டியதும் முதலில் வரும் வாசனை முக்குக் கடையில் போடும் வெங்காய பஜ்ஜி. அதற்குப் பிறகு ஆற்று வாசனை. அந்தக் காலத்து நொய்யலை இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் கத்தரிப்பூ நிறம். எங்கள் பந்து அடிக்கடி ஆற்றில் விழும். எடுத்துவந்தால், அந்த வாரம் சாயப்பட்டறைகளில் என்ன கலர் ஓடுகிறது என்று பந்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் மாதத்திலேயே அது வெள்ளைப் பந்து என்பது எங்களுக்கு மறந்துபோனது.

எங்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஹெச்.ஆர். சார் பிடித்துவந்தது சலீம் அண்ணனை. பனியன் கழுத்தில் தைக்கிற லேபிள் அடித்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வாலிபத்தில் ஏதோ கிளப்பில் விளையாடி, முழங்கால் போனபிறகு ரெஃப்ரீயாகப் பரீட்சை எழுதித் தேறியவர். லேபிள் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கூப்பிட்டால் மறுக்க முடியாது என்பதால் வந்தார் என்றுதான் முதலில் நினைத்தோம். வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த மனிதர் யாரும் கூப்பிடாவிட்டாலும் விசிலை எடுத்துக்கொண்டு அலைகிறவர் என்று.

அவர் முதலில் கேட்டது சுண்ணாம்புத்தூள். ஸ்டோரில் கொடுக்கவில்லை. கட்டிங் பிரிவிலிருந்து ரிப் வேஸ்ட் ஒரு மூட்டை கிடைத்தது. சரி என்று அங்கேயே துணி அளக்கும் டேப்பை வாங்கி, கோல் கம்பத்திலிருந்து பக்கவாட்டில் பதினாறரை மீட்டர், முன்னால் பதினாறரை மீட்டர் என்று அளக்க ஆரம்பித்தார். நிலமோ சின்னது. இரண்டு பக்கமும் பெனால்டி ஏரியாவை, அவர் சொல்படி பெட்டியை, போட்டு முடித்தபோது நடுவில் மிஞ்சிய இடம் ஒரு கல்யாணப் பந்தல் அளவுதான். ஹெச்.ஆர். சார் பெட்டியைக் கொஞ்சம் சுருக்கச் சொன்னார். நிலத்தைச் சுருக்கலாம், பெட்டியைச் சுருக்க முடியாது என்று சலீம் அண்ணன் ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு, முடிச்சுப் போடுவதைத் தொடர்ந்தார்.

பிறகு எங்களைப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பேசினார்.

“இந்தப் பெட்டி எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு காரியத்துக்குங்கம்மா. இதுக்குள்ள நிக்கற வரைக்கும் கீப்பருக்குக் கை உண்டு. வெளிய வந்தா அவங்களும் நம்மளாட்டத்தான், காலு மட்டும்தான். இன்னொண்ணு, வெளிய பண்ணுற தப்பை இதுக்குள்ள பண்ணுனா தண்டனை பெருசு.”

ஏன் பெரிசு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

“கோலுக்குக் கிட்ட வந்தவங்களை எப்படியாச்சும் இழுத்துப் போட்டுத் தடுத்துரலாம்னு தோணுமில்லீங்களா, அந்த நெனப்பே வரக்கூடாதுன்னுதான்.”

அவர் சொல்லச் சொல்ல அந்தத் துணிக்கோட்டுக்குள் ஒரு தனி ஊரே இருப்பதாகத் தெரிந்தது. தப்பு நடக்கும்போது பந்து எங்கே இருந்தது என்பது முக்கியமில்லை, தப்பு எங்கே நடந்தது என்பதுதான் முக்கியம். உள்ளே அடித்து விழவைத்தாலும், தள்ளினாலும், பந்தை வேண்டுமென்று கையால் தொட்டாலும் பெனால்டி. கோலிலிருந்து பதினோரு மீட்டரில் ஒரு புள்ளி, அங்கே பந்தை வைத்து ஒருத்தி உதைப்பாள், எதிரில் கீப்பர் மட்டும் கோல் கோட்டில் நிற்பாள். மற்ற எல்லோரும் பெட்டிக்கு வெளியே, புள்ளிக்குப் பின்னால். பெட்டியின் தலையில் பிறை மாதிரி ஒரு வளைவு இருக்கிறதே, அதற்கும் வெளியே. அந்த வளைவு பெட்டியில் சேராது, அந்தப் புள்ளியிலிருந்து எல்லோரும் தள்ளி நிற்பதற்காக மட்டும் போட்டது. ஆனால் பெட்டியைச் சுற்றிப் போட்ட கோடு பெட்டியைச் சேர்ந்தது. கோட்டின்மேல் நடந்தால் உள்ளே நடந்த மாதிரி. இதை அவர் ஒவ்வொரு வாரமும் சொன்னார். எங்களுக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியும்.

செசிலிக்கு அந்த ஷூ சேரவில்லை. அதனால் அவள் டீமில் இல்லை.

செசிலி தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துப் பெண். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தால் தலை நிமிரமாட்டாள். எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம், பாதமும் அதற்கேற்ற மாதிரி. தங்கச்சி ரீட்டாவுக்கு ஷூ சேர்ந்துவிட்டதால், அவளுக்குத் துணை என்று வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் கூட வந்தாள். கோலுக்குப் பின்னால் நின்று, போகிற பந்தை எடுத்துப் போடுவாள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, எங்கள் அயர்னிங் பிரிவுப் பெண் ஒருத்தி கோபத்தில் உதைத்த பந்து கோலையும் தாண்டி வந்தது. செசிலி முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தவள் ஒரு கையை மட்டும் தூக்கி அதை நிறுத்தினாள். பிடித்துவிட்டு மறுபடி முந்தானையைச் செருகினாள். சலீம் அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த வாரம் தன் தம்பியின் பழைய ஷூவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்க வேண்டுமே. ஹாஸ்டலில் அவள் குரலைக் கேட்க வேண்டுமென்றால் கிட்டப்போய்க் காதைக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் நின்றால் ஆற்றுக்கு அந்தக் கரைக்குக் கேட்கும். ஏ, இடதுபக்கம் விடாதே, ஏ, பின்னாடி பார் என்று எங்களை மேய்த்துவிடுவாள். நான் ரைட் பேக், கோலுக்கு முன்னால் வலதுபக்கம் காவல். என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் சொல்கிற இடத்தில் போய் நிற்பேன். பந்து பெரும்பாலும் வேறு இடத்துக்குப் போகும்.

அவளுக்கும் சலீம் அண்ணனுக்கும் ஒரேயொரு விதியில் சண்டை. ரீட்டாவுக்குக் காலில் பந்து கிடைத்தால் கோலைப் பார்க்கமாட்டாள், அக்காளைப் பார்ப்பாள். பின்னால் திரும்பி உதைத்து அனுப்புவாள். செசிலி குனிந்து கையில் எடுத்துக்கொள்வாள். உடனே விசில். நம் ஆள் வேண்டுமென்று காலால் தட்டிக்கொடுத்ததைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்பது விதி. “தங்கச்சி குடுத்தா அக்கா கைநீட்டி வாங்கக் கூடாதா? என்ன சட்டம் இது?” என்று செசிலி கேட்பாள். சலீம் அண்ணன் சிரித்துக்கொண்டே எதிர்பக்கத்துக்கு ஃப்ரீ கிக் கொடுப்பார். அப்படிச் சிரிக்கும்போதுகூட அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

பையர் அம்மா வரும் நாள் நெருங்கியதும் ஹெச்.ஆர். சார், போட்டோ மட்டும் போதாது, ஒரு மேட்சே வைத்துவிடலாம் என்றார். வீரபாண்டியில் ஒரு கம்பெனியிலும் பெண்கள் டீம் இருந்தது. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சலீம் அண்ணனே ரெஃப்ரீயாக இருக்கட்டும் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்கள், அவர் இரண்டு கம்பெனிக்கும் லேபிள் கொடுப்பவர்தானே. முந்தின நாள் ஹெச்.ஆர். சார் எங்கள் மேஜைக்கு வந்து, ஜெயித்தால் டீம் இருக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிரவுண்டுக்குப் போகலாம், முதலாளியிடம் பேசிவிட்டேன் என்று சொன்னார். தோற்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட் ஒன்றுதான் கண்ணில் நின்றது.

அன்றைக்கு வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டம். நாற்காலிகள், ஷாமியானா, இளநீர். பையர் அம்மா தொப்பி வைத்துக்கொண்டு கேமராவோடு கோட்டோரமாகவே நின்றார். எப்படி ஆடினோம் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. வீரபாண்டிப் பெண்கள் எங்களைவிட நன்றாக ஓடினார்கள். அவர்கள் ஓடிவந்து உதைத்ததையெல்லாம் செசிலி வாங்கி வாங்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை இரண்டும் சிராய்ந்து மண் அப்பியிருந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர்களில் ஒருத்தி ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்தாள். நான் போய் நிற்பதற்குள் என்னைக் கடந்துவிட்டாள். எங்கள் அயர்னிங் பெண் குறுக்கே காலை விட்டாள். வந்தவள் கோட்டின்மேலேயே விழுந்தாள். வெள்ளைத் துணி அவள் ஷூவில் சிக்கி ஸ்போக்கோடு பிய்ந்து வந்தது. சலீம் அண்ணன் ஊதிவிட்டுப் புள்ளியைக் காட்டினார்.

ஹெச்.ஆர். சார் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். பையர் அம்மா பார்க்கிறார் என்பதால் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

“பாய், வெளியிலதானுங்க விழுந்துச்சு. நல்லாப் பாத்துக்கங்க.”

“கோட்டு மேலதானுங்க சார். கோடும் பெட்டியில சேர்ந்ததுங்க.”

“உங்களுக்கு நான் சொல்லோணுங்களா? நாளைக்கும் நாம முகம் பாக்கோணுமில்லீங்க.”

நான் பக்கத்தில் நின்றிருந்ததால் இது எனக்குக் கேட்டது. சலீம் அண்ணனின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவர் குனிந்து, பிய்ந்த துணியை இழுத்து ஸ்போக்கை மறுபடி தரையில் குத்தினார். பிறகு எங்களையெல்லாம் பெட்டிக்கு வெளியே போகச் சொன்னார்.

உதைக்க வந்தவள் நெற்றி நிறையத் திருநீறு பூசிய உயரமான பெண். செசிலி கோல் கோட்டில் நின்று உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஜெர்ஸிக்குக் கீழே பாவாடைதான், அதற்குள் பேன்ட். நான் வளைவை ஒட்டி வெளியே நின்றேன். எனக்கு இடதுபக்கம் ரீட்டா, கையைப் பிசைந்துகொண்டு, உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். விசில். அந்தப் பெண் ஓடிவந்தாள். உதைத்தாள். செசிலி இடதுபக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்ததைப் பார்த்தேன். பந்து அவள் விரல் நுனியில் பட்டு, கம்பத்தை ஒட்டி வெளியே போயிற்று.

அப்படியொரு சத்தத்தை நாங்கள் போட்டதே இல்லை. பையர் அம்மா கேமராவை விட்டுவிட்டுக் கை தட்டினார். ஹெச்.ஆர். சாரும் தட்டினார். செசிலி மண்ணிலிருந்து எழுந்து சிரித்தாள். அவளுடைய முன்பற்கள் அத்தனையையும் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சத்தத்துக்குள் விசில் கேட்டது. சலீம் அண்ணனின் கை மறுபடியும் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலில் புரிந்துகொண்டது ரீட்டாதான். அவள் பெட்டிக்குள், புள்ளிக்குக் கிட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது போனாள் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பந்தை நோக்கி ஓட ஆரம்பித்தபோதே இவளும் அக்காளை நோக்கி ஓட ஆரம்பித்திருக்கிறாள்.

“உதைக்கறதுக்கு முன்னாலயே நம்ம பொண்ணு உள்ள வந்துருச்சுங்க சார். தடுத்தது செல்லாதுங்க. திரும்ப உதைக்கோணும்” என்றார் சலீம் அண்ணன். நம்ம பொண்ணு என்றுதான் சொன்னார்.

தடுத்த பக்கத்து ஆள் முந்தி உள்ளே வந்து, பந்து கோலாகாமல் போனால் மறுபடி உதைக்க வேண்டும். அதுவும் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். செசிலி போய்க் கோட்டில் நின்றாள். இரண்டாவது தடவையும் சரியான பக்கம்தான் பாய்ந்தாள். விரலில் பட்டது என்று பிறகு சொன்னாள். ஆனால் பந்து உள்ளே போய்விட்டது.

ஆட்டம் அதோடு முடிந்தது. போட்டோ மட்டும் எடுத்தார்கள். அது ரொம்ப காலம் கம்பெனி வரவேற்பறையில் மாட்டியிருந்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ரீட்டா ஒருத்தி மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

வேனில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அவள் விசும்பிக்கொண்டே வந்தாள். செசிலி அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“ஏட்டி, அழாத. ஒன் காலடிச் சத்தம் கேட்டுத்தான் நான் அந்தப் பக்கம் பாஞ்சேன். நீ வரலைன்னா மொதப் பந்தே உள்ள போயிருக்கும்.”

அந்தக் கூச்சலில் யார் காலடியும் யாருக்கும் கேட்டிருக்காது. அது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரீட்டா அழுகையை நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஷூ போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். வாட்ச்மேன் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். அப்படியே திரும்பிவந்து கழற்றினோம். ஹெச்.ஆர். சார் இரண்டு நாள் கழித்து வந்து, “ஆர்டர் நெருக்கடியா இருக்குதுங்க கண்ணு, கொஞ்ச நாளைக்கு வேண்டாமுங்களே” என்றார். கொங்கு நாட்டில் இல்லை என்று சொல்வதுகூட இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு, சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டுத்தான் மேஜைக்குத் திரும்பினோம். ஷூக்களை எண்ணெய்ப் பேரல்களோடு ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து, செக்கிங்குக்கு வரும் பனியன்களில் லேபிளின் எழுத்து வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தேன். கேட்டபோது, லேபிள் இப்போது வேறு ஆளிடம் வாங்குகிறோம் என்றார்கள்.

ஆனாலும் சலீம் அண்ணன் ஒருநாள் கேட்டுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் மூலம் செசிலியை வரவழைத்து, கம்பிக்கு வெளியே நின்று பேசினார். மாவட்டத்துப் பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த ஞாயிறு வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். வார்டனிடம் கேட்டோம். பெற்றவர்கள் யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்புகிறேன் என்றார். செசிலியின் அப்பா கடலுக்குத் தங்கல் போயிருந்தார், கரைக்கு வரப் பல நாளாகும். அம்மாவுக்குத் திருப்பூர் எந்தத் திசை என்றே தெரியாது. செசிலி காயின் போனில் ஊருக்குப் பேசிவிட்டு வந்து, “அதுக்கென்ன, போகட்டும்” என்று மெஷினில் உட்கார்ந்தாள். அப்பா கரைக்கு வந்து சேதி தெரிந்துகொண்டபோது ஆள் எடுத்து முடிந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன ரீட்டா திரும்பவில்லை. கம்பெனியோடு பேசிய வேலைக்காலம் முடிந்ததும் செசிலியும் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் ஒரு பையைக் கொடுத்து, சலீம் அண்ணனிடம் சேர்த்துவிடச் சொன்னாள். ஷூ. கழுவி, உள்ளே காகிதம் அடைத்து வைத்திருந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பையைத் திறந்து பார்க்காமலேயே மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, டீ சொல்லட்டுங்களா என்று கேட்டார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இதே ஊரிலேயே தங்கிவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன. சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சலீம் அண்ணனைப் பார்த்தேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. லேபிள் கடையை எப்போதோ விட்டுவிட்டாராம், மருமகனோடு இருக்கிறார். பந்தியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊர், பிள்ளைகள், சர்க்கரை என்று பேசிக்கொண்டே வந்தவர் இடையில் சொன்னார்.

“அந்தச் சட்டத்தை இப்ப மாத்திப்போட்டாங்கம்மா.”

எந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை.

“முந்தி உள்ள வந்தாலும், அது உதைக்கறவங்களுக்கு இடைஞ்சலா இல்லீன்னா தடுத்தது தடுத்ததுதானுங்களாம். அன்னிக்கு ரீட்டா ஓடியாந்தது உதைச்ச பிள்ளைக்குப் பின்னாலதானுங்க, அது பாக்கவே இல்ல. பந்தும் நேரா வெளிய போயிருச்சு. இன்னிக்கா இருந்தா நான் ஊதியே இருக்கமாட்டனுங்க.”

அன்றைக்கு அதுதானே அண்ணே சட்டம் என்றேன். அவர் தலையாட்டினார். பிரியாணி தட்டில் அப்படியே இருந்தது.

“செசிலிம்மா எங்கிருக்குதுன்னு தெரியுங்களா?”

தெரியவில்லை என்றேன். கொல்லம் பக்கம் கட்டிக்கொடுத்ததாக ஒருத்தி சொன்னாள், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போனதாக இன்னொருத்தி சொன்னாள். என்னிடமிருந்த ரீட்டாவின் நம்பர் எப்போதோ உபயோகத்தில் இல்லாமல் போய்விட்டது. எப்போதாவது தெரியவந்தால் இதை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று சலீம் அண்ணன் கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் எனக்கு மண்ணரைப் பக்கம் ஒரு வேலை இருந்தது. முடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் வண்டியை விட்டேன். ஹாஸ்டலை இடித்துவிட்டிருந்தார்கள். கம்பெனி இன்னொரு பெயரில் இருக்கிறது. கரையோர நிலத்தில் நூல் கோடவுன்கள் வரிசையாக நிற்கின்றன, ஒரே மாதிரி தகரக் கூரை, ஒரே மாதிரி நீல ஷட்டர். லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, அதன் பக்கத்தில் வடநாட்டுப் பையன்கள் சத்தம் போட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் எங்கள் கோல், எந்தப் பக்கம் அவர்கள் கோல் என்று ஆற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆற்றங்கரையிலும் சுவர் எழுப்பிவிட்டதால் திசை பிடிபடவில்லை. செசிலி இடதுபக்கம் பாய்ந்து விழுந்தது இந்த இடத்தில்தான் என்று ஒரு கோடவுன் வாசலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அது வேறு கோடவுனாகவும் இருக்கலாம்.